பொருத்தமான தூரம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

காப்புரிமை: கேள்வியும் பதிலும்

போன இதழில், கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கும் விஆர் ஹெட்செட்டின் லென்ஸைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அதனால் இந்த முறை முழுக்க லென்ஸ்தான். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கும்பகோணத்துக்காரி. அப்பா பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் சத்தத்தில்தான் பள்ளிப் பாடம் படித்தேன். இயற்பியல் முடித்து, காப்புரிமை முகவர் தேர்வு எழுதித் தேறி, இன்றுவரை கண்டுபிடிப்பாளர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு விஆர் ஹெட்செட் செய்தோம். கண்ணுக்கு முன்னால் ஒரு சாதாரணக் குவிலென்ஸ், அதற்கும் திரைக்கும் நடுவில் ஒரு ஃப்ரெனெல் லென்ஸ் (வட்ட வட்டப் படிகளாக வெட்டிய தட்டை லென்ஸ்). எங்கள் பெயரிலேயே விண்ணப்பித்தோம். இப்போது முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. இரண்டு பழைய அமெரிக்க ஆவணங்களைக் காட்டி, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் துறை தெரிந்த யாருக்கும் இது தோன்றிவிடும் என்கிறார் காப்புரிமை அலுவலக எக்ஸாமினர். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) என்றும் ஓர் ஆட்சேபணை. எல்லாம் முடிந்துவிட்டதா? அறிக்கையையும், கண்டுபிடிப்பை விவரித்து நாங்கள் எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.
– மாணவி, மன்னார்குடி

பதில்: முடியவில்லை, தங்கச்சி. ஆய்வறிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்சேபணையே இல்லாமல் வரும் முதல் அறிக்கை மிக அபூர்வம். அது அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போக வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் அந்த 6 மாதம் முடிவதற்குள் கட்டணம் கட்டிக் கேட்டுவிடுங்கள். ஒன்றுமே அனுப்பாமல் விட்டால் பிரிவு 21-இன்படி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முதலில் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

உங்கள் விவரக்குறிப்பை ஒரு சாயங்காலம் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். முதல் க்ளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியில், "லென்ஸ்கள் திரையிலிருந்து பொருத்தமான தூரத்தில் வைக்கப்பட்டுள்ளன" என்று இருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். பொருத்தம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டைப்பெட்டி ஹெட்செட்டில் வரும் லென்ஸின் குவியத் தூரம் 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்கடைக் கணக்கில் இது ஏறக்குறைய 22 பவர். கண்புரை எடுத்தவர்களுக்கு உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்னால், அப்பா அவர்களுக்குச் செய்து கொடுத்த சோடாபுட்டிக் கண்ணாடியே பத்து, பன்னிரண்டு பவர்தான். அதைப்போல இரண்டு மடங்கு! இந்த லென்ஸிலிருந்து 44 மில்லிமீட்டரில் திரையை வைத்தால், பிம்பம் ஏறக்குறைய 2 மீட்டர் தூரத்தில் தெரியும். 43-இல் வைத்தால் 1 மீட்டருக்குள் வந்துவிடும். 42-இல் 63 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததற்கு, கூடத்துச் சுவரில் இருந்த படம் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது. இத்தனை நுணுக்கமான இடத்தில் "பொருத்தமான" என்று எழுதினால் எக்ஸாமினர் என்ன செய்வார்? தெளிவில்லை என்று எழுதத்தான் செய்வார். அவர் செய்தது சரி. விவரக்குறிப்பைப் படிக்கிற இன்னொருவர் அதை அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் பிரிவு 10.

இனி முக்கியமான ஆட்சேபணைக்கு வருவோம். சட்டம் பிரிவு 2(1)(ஜேஏ)-வில் கேட்பது இரண்டு. ஒன்று, இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பத்தில் ஒரு முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, அல்லது இரண்டுமோ இருக்க வேண்டும். இரண்டு, துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றிவிடக் கூடாது. எக்ஸாமினர் காட்டிய முதல் ஆவணத்தில் ஃப்ரெனெல் லென்ஸ் இருக்கிறது, இரண்டாவதில் குவிலென்ஸ் இருக்கிறது, இரண்டுமே ஹெட்செட்டுக்குத்தான். உங்கள் முதல் க்ளெய்ம் சொல்வதும் "இரண்டையும் சேர்த்தோம்" என்பது மட்டும்தான். அந்த க்ளெய்மை அப்படியே வைத்துக்கொண்டு வாதாட என்னாலும் முடியாது.

ஆனால் ஆறாம் பக்கத்தைத் திருப்புங்கள். ஃப்ரெனெல் லென்ஸில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு படிச்சுவர் உண்டு. அந்தச் சுவரின் சாய்வை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் கூட்டினோம், அந்தக் கணக்கைக் குவிலென்ஸிலிருந்து வெளியேறும் கதிர்க் கோணத்தை வைத்துப் போட்டோம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் காட்டினால் சுற்றிலும் வரும் ஒளிக்கீற்று குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றே வாக்கியம். க்ளெய்மில் அது எங்கேயும் இல்லை. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்களிடம் கண்டுபிடிப்பு என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.

இரண்டு லென்ஸையும் பிரித்தால் அந்தச் சாய்வுக் கணக்குக்கு அர்த்தமே இல்லை, கவனித்தீர்களா? 3(எஃப்)-க்குப் பதிலும் அதுவே. தெரிந்த பொருள்களைச் சும்மா அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனியாக வேலை செய்தால்தான் 3(எஃப்) தடுக்கும். இங்கே ஒன்றின் வடிவத்தை இன்னொன்று தீர்மானிக்கிறது.

பிரிவு 59 க்ளெய்மைத் திருத்த இடம் கொடுக்கிறது. விவரக்குறிப்பில் ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கொண்டு க்ளெய்மைக் குறுக்கலாம், அகலப்படுத்த முடியாது. விண்ணப்பம் கொடுத்த பிறகு தோன்றிய புது யோசனையையும் உள்ளே நுழைக்க முடியாது. ஆறாம் பக்கத்தில் அந்த மூன்று வாக்கியத்தை எழுதி வைத்தது உங்களில் யாரோ, அவருக்கு மற்ற மூவரும் கடன்பட்டிருக்கிறீர்கள்.

பதில் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சுவர்ச் சாய்வை மாற்றுவது வேறு யாராவது செய்ததா என்று நீங்களே தேடுங்கள். லென்ஸ் வடிவமைப்பில் இது ரொம்பப் பேர் கை வைத்த இடம். வகைப்பாட்டு எண் ஜி02பி 3/08 ஃப்ரெனெல் போன்ற லென்ஸ்களுக்கு, ஜி02பி 27/01-இல் தலையில் மாட்டும் திரைகளும் வரும். இரண்டையும் சேர்த்து, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் தேடுங்கள். சாய்வு மாறுவது மட்டும் ஏற்கெனவே இருந்தால், குவிலென்ஸின் கோணத்தை வைத்துச் சாய்வைக் கணக்கிடும் முறை வரைக்கும் க்ளெய்மைக் குறுக்க வேண்டிவரும். அப்புறம் ஒரு சோதனை: எல்லாச் சுவரும் ஒரே சாய்வில் உள்ள லென்ஸ், உங்கள் லென்ஸ், இரண்டையும் ஒரே திரை, ஒரே கேமரா, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, சிதறும் ஒளியை எண்ணால் காட்டுங்கள். இந்த எண்களை விவரக்குறிப்பில் சேர்க்க முடியாது, ஆனால் பதிலோடு ஆதாரமாக வைக்கலாம்.

அதற்குப் பிறகும் எக்ஸாமினருக்குத் திருப்தி இல்லையென்றால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் வீடியோவிலேயே நடக்கிறது, மன்னார்குடியிலிருந்து சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டாம். விசாரணையில் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் நால்வரில் சுவர்ச் சாய்வைக் கணக்குப் போட்டவர்தான் பேச வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். பேரனின் ஹெட்செட் லென்ஸில் வட்டம் வட்டமாகக் கோடுகளைப் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தில் பார்த்த அதே மாதிரி! இருநூறு வருடத்துப் பழைய சமாசாரத்துக்கு இன்றும் எப்படிக் காப்புரிமை கொடுக்கிறார்கள்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சரியாகப் பிடித்தீர்கள் ஐயா, அதேதான். அகஸ்டின் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரரின் லென்ஸ் 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றப்பட்டது. ஒளியை வளைப்பது லென்ஸின் மேற்பரப்பு வளைவுதான், நடுவில் உள்ள கனத்த கண்ணாடி வெறும் சுமை. மகாமகக் குளத்தின் கரையைப் பாருங்கள். மேலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரே சரிவாக இருக்க வேண்டியதைப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் படிகளையெல்லாம் ஒரே மட்டத்துக்கு அழுத்திவிட்டு, ஒவ்வொரு படியின் மேல்பக்கத்தில் மட்டும் பழைய சரிவை விட்டுவைத்தால் அதுதான் ஃப்ரெனெல் லென்ஸ். கனம் போய்விடும், வேலை நிற்காது. ஆனால் படி என்றால் சுவரும் உண்டல்லவா? அந்தச் சுவரில் பட்ட ஒளி கண்ட இடத்துக்குச் சிதறும். கப்பலில் இருப்பவருக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. லென்ஸிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரில் கண்ணை வைப்பவருக்குத் தொந்தரவு. மன்னார்குடிப் பிள்ளைகள் மேலே போராடுவது இதனோடுதான்.

காப்புரிமை விஷயத்துக்கு வருகிறேன். உரிமை 20 வருடத்தில் முடிந்துவிடும், ஆனால் ஆவணத்துக்கு வயதே கிடையாது. காலாவதியான காப்புரிமை யார் செய்வதையும் தடுக்காது. அதே சமயம், அதில் இருப்பதைப் புதிது என்று யாரும் கேட்கவும் விடாது. எக்ஸாமினரின் மேஜைக்கு எந்தக் காலத்து ஆவணமும் வரலாம். தலையில் மாட்டிக்கொள்ளும் தொலைக்காட்சிக்கு மார்ட்டன் ஹைலிக் 1957-இல் விண்ணப்பித்து 1960-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அகன்ற கோணத்தில் பார்க்கும் லென்ஸ் அமைப்புக்கு எரிக் ஹவ்லெட் 1983-இல் வாங்கினார். நாசாவின் ஆரம்பகால ஹெட்செட்டில் இருந்தது அவருடைய லென்ஸ்தான். காப்புரிமை மட்டுமல்ல, கட்டுரையும் கணக்கில் வரும். ஐவன் சதர்லாண்ட் தன் தலைக்கருவியைப் பற்றி 1968-இல் மாநாட்டில் கொடுத்த கட்டுரையை இன்றைய விண்ணப்பத்துக்கு எதிராகத் தாராளமாகக் காட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பான்கேக் லென்ஸ். 2022, 2023-இல் வந்த மெட்டா ஹெட்செட்டுகளில் ஃப்ரெனெலை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். ஹெட்செட் மெலிந்ததற்கு இது பெரிய காரணம். எட்டு முழ வேட்டியை மடித்து மஞ்சள் பைக்குள் வைப்பது போல, ஒளி போக வேண்டிய தூரத்தை மடித்துவிடுகிறார்கள். திரையிலிருந்து வரும் ஒளி முதலில், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு பாதிக்கண்ணாடியைத் தாண்டும். அடுத்து, ஒளியின் அதிர்வுத் திசையைப் பார்த்து உள்ளே விடும் ஒரு படலம் அதைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்த ஒளி பாதிக்கண்ணாடியில் பட்டு மறுபடி எதிரொளிக்கும். அதற்குள் அதிர்வுத் திசை மாறியிருப்பதால் இந்த முறை படலம் வழிவிடும். ஒரே இடைவெளியை ஒளி மூன்று முறை கடக்கிறது. பாதிக்கண்ணாடியைத் தாண்டும்போது பாதி ஒளி வீணாகும், எதிரொளிக்கும்போது மீதியில் பாதி வீணாகும். மற்றதெல்லாம் பழுதில்லாமல் நடந்தால்கூட கண்ணுக்குக் கிடைப்பது கால்வாசிதான். இந்த மடிப்பு யோசனைக்கு விமானப் பயிற்சிக் கருவிகளுக்காக ஜோசப் லா ருஸ்ஸா 1969-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். பான்கேக் என்ற பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

ஆகவே இன்று ஒருவர் "மடித்தேன்" என்று கேட்டால் கிடைக்காது. ஒளி வீணாவதை இப்படிக் குறைத்தேன், இரண்டாவது மங்கல் பிம்பம் வருவதை இந்த வளைவால் தடுத்தேன், படலத்தை வளைந்த பரப்பில் சுருக்கமில்லாமல் இப்படி ஒட்டினேன் என்று கேட்டால் கிடைக்க வழி உண்டு. பெரிய யோசனை எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. புதிது வருவதெல்லாம் அதன் குறைகளைச் சரிசெய்யும் இடத்தில்தான்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் செய்த லென்ஸ் அமைப்பைக் கண்காட்சியில் வைத்தோம், யூடியூபிலும் போட்டோம். இனிமேல் காப்புரிமை கேட்கலாமா?
– ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன் டீச்சர், காட்டிய வரைக்கும் புதுமை போய்விட்டது. பிரிவு 31 சில விதிவிலக்குகளைத் தருகிறது. மத்திய அரசு அதற்கென அறிவித்த கண்காட்சியில் வைத்ததற்கும், அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும் 12 மாத அவகாசம் உண்டு. பள்ளி, கல்லூரிக் கண்காட்சி அதில் வராது, யூடியூப் கட்டாயம் வராது. வீடியோவில் சொல்லாத, வெளியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்க்கலாம்.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு முன்னால் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபர் பெயரில் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 1600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு அதற்குப் பிறகு 12 மாதம் இருக்கிறது. தாக்கல் ஆன மறுநாளே கண்காட்சியில் வைக்கலாம்.

கேள்வி: லென்ஸால் படம் நெளிவதைச் சரிசெய்ய ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். மென்பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது என்கிறார்கள். உண்மையா?
– மென்பொருள் பொறியாளர், தஞ்சாவூர்

பதில்: பாதி உண்மை. பிரிவு 3(கே) கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் இவற்றை விலக்குகிறது. "வெறும்" என்ற சொல்லில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

வாசலில் போட்ட ஒரு கட்டக் கோலத்தைப் படம் எடுத்து ஹெட்செட் லென்ஸ் வழியாகப் பாருங்கள். நாலு மூலையும் வெளியே இழுபட்டு, பக்கக் கோடுகள் நடுவில் உள்ளே குழிந்து தெரியும். அதனால் மென்பொருள் திரையிலேயே கோலத்தைப் பீப்பாய் போலப் புடைக்க வைத்து வரைகிறது, லென்ஸ் அதை நேராக்கிவிடுகிறது. இது பல வருடமாக எல்லோரும் செய்வது. நீங்கள் சூத்திரத்தை மட்டும் க்ளெய்ம் செய்தால் 3(கே)-இல் மாட்டும். கண்மணி எங்கே பார்க்கிறது என்று ஒரு சென்சார் அளக்கிறது, அதற்கேற்ப இந்த லென்ஸின் நெளிவு இப்படித் திருத்தப்படுகிறது, அதனால் ஓரத்தில் படம் ஆடுவது நின்றது என்று கருவி, அளவு, பலன் மூன்றையும் கட்டிக் காட்டினால் எக்ஸாமினர் அதை ஒரு தொழில்நுட்ப அமைப்பாகப் பார்க்க வேண்டிவரும். அதற்கு மேல் அது புதிதா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் சென்சார் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, உங்கள் அமைப்பில் அது இருக்கிறதா?

கேள்வி: எங்கள் ஐம்பொன் சிலைகள் வார்ப்பதை விஆரில் காட்டப் போகிறோம். புவிசார் குறியீடு இருக்கிறது, காப்புரிமையும் வாங்க வேண்டுமா?
– சிற்பி, சுவாமிமலை

பதில்: வேண்டாம். குறியீடு ஊருக்கும் தொழிலுக்கும் உரியது, புதுப்பித்துக்கொண்டே போகலாம். காப்புரிமை புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு 20 வருடம். தெரிந்த ஹெட்செட்டில் தெரிந்த தொழிலைக் காட்டுவதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. நீங்கள் எடுக்கும் வீடியோவுக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும். மெழுகு உருகி ஓடும் அந்தக் கணத்தைக் கட்டாயம் கிட்டத்தில் எடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயது. ஹெட்செட் போட்டால் அரைமணியில் தலைவலி என்கிறான். பெட்டியில் காப்புரிமை பெற்றது என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் கண்ணுக்கு நல்லது என்று சோதித்திருப்பார்கள்தானே?
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: இல்லைம்மா. எக்ஸாமினர் பார்ப்பது புதிதா, எளிதில் தோன்றக்கூடியதா, தொழிலில் பயன்படுமா, தெளிவாக எழுதியிருக்கிறதா என்பதைத்தான். கருவியை அவர் கண்ணில் மாட்டிப் பார்ப்பதில்லை. அந்த வரியைக் கண்ணுக்கான சான்றிதழாக நினைக்க வேண்டாம்.

பையனின் பி.டி.யை அளந்து பாருங்கள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரம் அது. பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், பிள்ளைகளுக்குக் குறைவு. அப்பா கடையில் அளந்த முறையைச் சொல்கிறேன். ஒரு கை தூரத்தில் எதிரெதிராக உட்காருங்கள். மில்லிமீட்டர் ஸ்கேலை அவன் மூக்கின்மேல் படுக்கையாகப் பிடியுங்கள். உங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் இடது கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவனுடைய வலது கண்மணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். ஸ்கேலை அசைக்காமல் கண்ணை மாற்றி மூடி, உங்கள் வலது கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவனுடைய இடது கண்மணிக்கு நேராக வரும் எண்ணைப் படியுங்கள். ஹெட்செட்டில் லென்ஸை நகர்த்தும் திருகோ நெம்புகோலோ இருந்தால் அந்த எண்ணுக்கு வையுங்கள். லென்ஸின் நடுவும் கண்ணின் நடுவும் ஒன்றையொன்று தவறவிட்டால் தலைவலிக்க அதுவே போதும். அதற்கு அப்புறமும் வலித்தால் கருவியை எடுத்து வைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிம்பம் தூரத்தில் நிலையாக நிற்க, கண்கள் மட்டும் கிட்டத்துப் பொருளுக்காக உள்பக்கம் திரும்புவதும் கண்ணை அலுக்க வைக்கும். இதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. கால்மணிக்கு ஒருமுறை கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு விண்ணப்பதாரர் கொடுத்த மாதிரிக் கருவியைத் திண்ணைப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். பத்து நிமிடம் இருக்கும். மேற்கு வெயில் லென்ஸ் வழியாக உள்ளே இறங்கி, திரையில் கடுகளவு ஒரு மஞ்சள் கறை விழுந்துவிட்டது. அது போகவே இல்லை, அவரிடம் என்ன சொல்வதென்று இரண்டு நாள் தவித்தேன். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பதும் இதுவும் ஒன்றுதான். பையன் கழற்றியதும் மூடி போட்டு, பீரோவுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.